நோய் திரும்பினால் பெற்றோர் மீதா பழி?

ஆசிரியருக்கு, வணக்கம்.

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருச் சிறுவனுக்கு ஸ்டெம் செல் (ரத்த அணுக்களை உருவாக்கும் மூல அணு) மாற்று சிகிச்சைக்குப் பிறகும் ரத்தப் புற்றுநோய் திரும்பிவிட்டது. ‘பெற்றோர் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை’ என்று குழாயடியில் பேசுகிறார்கள். அபாண்டம்! சிகிச்சைக்குத் தப்பிய புற்றணுக்கள் மீண்டும் பெருகுவதே காரணம். சாப்பாடும் தூசியும் அல்ல.

இந்நிலைக்கு கார்-டி செல் சிகிச்சை இருக்கிறது; நோயாளியின் நோய் எதிர்ப்பு அணுக்களை எடுத்து, புற்றணுக்களைத் தாக்கும்படி மாற்றி, மீண்டும் உடலில் செலுத்தும் முறை அது. அமெரிக்காவில் 2017-இல் அது முதன்முதலாக ஒப்புதல் பெற்றதே குழந்தைகளுக்கும் 25 வயது வரையிலான இளைஞர்களுக்கும்தான். இங்கே 2023-இல் ஒப்புதல் பெற்ற இந்தியத் தயாரிப்போ 15 வயது நிரம்பியவர்களுக்கு. பையனுக்கு எட்டு வயது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் தருவது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். கார்-டி செலவு அதைப்போலப் பல மடங்கு. நோய் திரும்பிய குழந்தைகளுக்கென அரசு தனி நிதி ஒதுக்க வேண்டும்.

ஒரு வாசகி, சென்னை-81