சாமை வாங்க மலையேறி வாருங்கள்

சேலம், நாமக்கல், திருச்சி, சென்னை என்று ஊர் ஊராகச் சிறுதானியக் கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும்,

வணக்கம். நான் கொல்லிமலைக்காரன், வளப்பூர் நாட்டில் பிறந்தவன் (மலையில் பல ஊர்கள் சேர்ந்த பகுதியை நாங்கள் நாடு என்போம்). பிழைப்புக்காக நாமக்கல்லில் இருக்கிறேன். மாதம் இரண்டு தடவையாவது பஸ் பிடித்து, காரவள்ளிக்கு மேலே அந்த 70 கொண்டை ஊசி வளைவையும் கடந்து வீட்டுக்குப் போய்விடுவேன். போகும்போதெல்லாம் மனசை உறுத்துவது ஒரு காட்சிதான். முன்பு சாமை நின்ற கொல்லையில் இப்போது மரவள்ளி நிற்கிறது.

உங்கள் கடைகளில் சாமை நன்றாகப் போகிறது என்பது எனக்குத் தெரியும். 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியதிலிருந்து கேட்டு வாங்குகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். கீழே இவ்வளவு பேர் கேட்கும்போது மேலே ஏன் விதைக்கிறவர் குறைகிறார்? இதைத்தான் உங்களிடம் மனம்விட்டுப் பேச வேண்டும் என்று இந்த மடலை எழுதுகிறேன்.

முதல் காரணம் உரல். கேழ்வரகுக்கு இந்தத் தொல்லை இல்லை, அடித்துத் தூற்றினால் அப்படியே திரிக்கலாம். சாமையின் உமி லேசில் விடாது. நான் சின்னப் பையனாக இருக்கும்போது அம்மாவும் பெரியம்மாவும் விடியுமுன்னே எழுந்து எதிரெதிராக நின்று குத்துவார்கள். ஒரு உலக்கை மேலே போகும்போது மற்றது கீழே இறங்கும். கொஞ்ச நேரம் குத்தி, முறத்தில் அள்ளிப் புடைத்து, உமியை ஊதிவிட்டு, மறுபடி உரலில் போட்டுக் குத்துவார்கள். இப்படி நாலைந்து தடவை செய்தால்தான் அன்றைக்கு ஒருவேளைச் சோறு. அம்மாவின் வலது உள்ளங்கையில் காய்ப்பு இன்னும் இருக்கிறது. உரல் தொட்டு வருஷக்கணக்கு ஆகிவிட்டது, காய்ப்பு போகவில்லை. ரேஷன் அரிசி வீட்டுக்கு வந்ததும் அவர்கள் உலக்கையைச் சுவரில் சாய்த்து வைத்ததை நான் எப்படிக் குறை சொல்வேன்?

இரண்டாவது, கிழங்கு வியாபாரி. மரவள்ளியை நான் திட்ட வரவில்லை. என் படிப்புச் செலவே அதில்தான் வந்தது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் மலைக் கிழங்குக்கும் அதில் பங்கு இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். கிழங்கு வியாபாரி என்ன செய்கிறார் என்று பாருங்கள். கிழங்கு மண்ணில் இருக்கும்போதே முன்பணம் தருகிறார். பிடுங்குகிற நாளில் லாரியோடு ரோட்டோரம் வந்து நிற்கிறார். எடை போட்டு மொத்தத்தையும் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார். விலை ஏறும், இறங்கும். ஆனால் வாங்க ஆள் வராமல் போவதில்லை.

சாமை போட்டவர் கதை வேறு. அவர்தான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்க வேண்டும். ஒருமுறை சித்தப்பாவோடு நானும் போனேன். நகரத்துக் கடை ஒன்றில் ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, "பழுப்பா இருக்கே, வெள்ளையா வேணும்" என்றார்கள். சரி, ஆலையில் தீட்டிக்கொண்டு வரலாம் என்று போனால், ஒரு மூட்டைக்காக மிஷின் ஓட்ட முடியாது, மற்றவர்கள் சரக்கோடு சேர்த்துத்தான் போட முடியும் என்றார்கள். அது கட்டவெட்டிச் சாமை, சித்தப்பா தனியாக விதை எடுத்து வைத்துக் காப்பாற்றிவந்த ரகம். ஆலைக்குள் போனதோடு அந்தப் பெயர் போய்விட்டது. வெளியே வந்தது வெறும் சாமை அரிசி. அடுத்த வருஷம் அவர் அந்தக் கொல்லையில் கிழங்குக் குச்சி நட்டார்.

கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை, கரும்பெருஞ்சாமை என்று எங்களிடம் ரகங்கள் உண்டு. சிலது சீக்கிரம் அறுப்புக்கு வரும். பெருஞ்சாமை மாதக்கணக்கில் நிற்கும், வைக்கோலும் நிறையக் கொடுக்கும். எந்த மண்ணுக்கு எது, மழை தள்ளிப்போனால் எது என்று பெரியவர்கள் வாயில் கணக்கு இருக்கிறது. உங்கள் பொட்டலத்தில் இதில் ஒரு பெயர்கூட இல்லை. கொடைக்கானல் மலைப்பூண்டை, சிறுமலை வாழையை ஊர்ப் பெயர் சொல்லித்தானே வாங்குகிறோம்? சாமைக்கும் அந்த மரியாதையைக் கொடுங்கள்.

உமி நீக்கும் மிஷின் மலைமேலேயே இருந்தால் என்ன நடக்கும் என்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இங்கே வேலை தொடங்கி, பின்னால் சில ஊர்களில் மிஷின் வைத்து மகளிர் குழுக்கள் கையில் கொடுத்தது. கை வலி போனது. அந்த ஊர்களில் சோறாக, மாவாக, விற்பனைச் சரக்காகச் சாமை திரும்ப வந்தது. அதனால் வழி தெரியாத விஷயம் இல்லை இது. அப்படிக் குழுக்கள் தீட்டி வைக்கிற சாமையை மாதா மாதம் தவறாமல் எடுத்துக்கொள்ள ஆள் வேண்டும். அதை நீங்கள் செய்ய முடியும்.

நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பழுப்பு தவிடு. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் உமி நீக்கிய சாமை நாள்பட்டால் காறிப்போகும். அந்தப் பயத்தில்தான் நீங்கள் வெள்ளையாகக் கேட்கிறீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. உமியோடு இருந்தால் வருஷக்கணக்கில் கெடாது. எங்கள் வீட்டுத் தொம்பையில் அப்படித்தான் இருக்கும். தொம்பை என்பது மூங்கில் பிளாச்சால் ஆளுயரத்துக்குப் பின்னி, மண்ணும் சாணியும் பூசிய தானியக்கூடு. அதைப் பின்னத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் இப்போது இரண்டே பேர், இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. போட்டு வைக்கத் தானியம் இல்லாத வீட்டில் தொம்பை யாருக்கு வேண்டும்? சாமை போனால் அந்தக் கைவேலையும் கூடவே போகும். அதனால் வருஷத்துக்கு வேண்டியதை ஒரேயடியாகத் தீட்டி வாங்காதீர்கள். தானியம் தொம்பையில் இருக்கட்டும். அந்தந்த மாதம் விற்கிற அளவுக்கு மட்டும் தீட்டித் தரச் சொல்லுங்கள். பழுப்பு ஏன் என்று கேட்கிற வாடிக்கையாளரிடம் இரண்டு வார்த்தை எடுத்துச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்வார்கள்.

விதைப்புக்கு முன் சித்திரையில் ஒருதடவை வந்து, இவ்வளவு எடுப்போம், இந்த விலைக்கு எடுப்போம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். முடிந்தால் முன்பணமாக ஏதாவது கொடுங்கள். அறுப்பெல்லாம் முடிந்து தையில் மறுபடி வாருங்கள். செம்மேட்டில் பஸ் நிற்கும், நானே வந்து கூட்டிப்போகிறேன். தராசு மட்டும் கொண்டுவந்தால் போதும், சாக்கு எங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
வளப்பூர் நாட்டுக்காரன்