வெட் டெக் படிப்பு: கயலுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள கயல்,

வெட் டெக், அதாவது கால்நடை மருத்துவருக்குத் துணையாக நிற்கும் தொழில்நுட்பர் படிப்புப் படிக்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது நான் போனில் அதிகம் பேசவில்லை. கணக்குப் போட்டுப் பார்க்காமல் எதையும் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். இப்போது பார்த்துவிட்டேன். எனக்குச் சம்மதம் கண்ணு. ஆனால் எந்தக் காலேஜ், எந்த வழியில் படிப்பது என்பதில் நான் சொல்வதைக் கொஞ்சம் கேள்.

சம்பளத்தை முதலில் பார்ப்போம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023 மே மாதக் கணக்கில், வெட் டெக் வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் ஆண்டுக்கு 43,740 டாலருக்கு மேல் வாங்கினார்கள், பாதிப் பேர் அதற்குக் கீழே. மணிக்கு 21 டாலர் என்று வைத்துக்கொள். புதிதாகச் சேர்கிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கீழ்ப்பாதியில்தான் இருப்பார்கள். நீ இப்போது கால்நடைக் கிளினிக்கில் பார்க்கும் உதவியாளர் வேலைக்கு அதே கணக்கில் 36,440 டாலர். ஆக, இந்தப் படிப்பு உனக்கு ஆண்டுக்குக் கூடுதலாகத் தரப்போவது சுமார் 7,300 டாலர். அதுவும் வரி பிடிப்பதற்கு முன்னால். கொலம்பஸில் நகர வரியே 2.5 சதவீதம் போகிறது, உனக்குத் தெரியும்.

நீ அனுப்பிய அந்தத் தனியார் காலேஜின் விவரத்தைப் படித்தேன். இரண்டு வருடத்துக்கு 40,000 டாலருக்குக் குறையாது. அதை 7,300 ஆல் வகுத்துப் பார், ஐந்தரை வருடம் ஆகிறது. வட்டியைச் சேர்க்காமலே! அதே இரண்டு வருட அசோசியேட் பட்டத்தை அரசு கம்யூனிட்டி காலேஜில் வாங்கினால், நாடு முழுவதற்குமான சராசரிக் கட்டணம் 2024-25இல் உள்ளூர் மாணவர்களுக்கு ஆண்டுக்கு நாலாயிரம் டாலரை ஒட்டித்தான் இருந்தது. வெட் டெக் படிப்புக்கு லேப் கட்டணம், சீருடை, புத்தகம் என்று மேலே கொஞ்சம் போகும், போகட்டும். கிளினிக்கில் சம்பளம் பேசும்போது எந்தக் காலேஜ் என்று யாரும் பார்ப்பதில்லை. ஏ.வி.எம்.ஏ. (அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம்) அங்கீகாரம் பெற்ற படிப்பா, வெட் டெக்குகளுக்கான வி.டி.என்.இ. தேர்வில் தேறினாயா, ஒஹாயோவில் ஆர்.வி.டி. (பதிவுபெற்ற வெட் டெக்) என்ற பதிவு இருக்கிறதா, இவ்வளவுதான். வாசலில் ஐந்து மடங்கு கொடுத்து உள்ளே போனாலும் வெளியே வரும்போது எல்லோர் கையிலும் ஒரே காகிதம்தான்.

நீ கணக்கில் எடுக்காத ஒன்று இருக்கிறது. கட்டணத்தை எழுதியிருக்கிறாய், விட்டுப்போகும் சம்பளத்தை எழுதவில்லை. படிப்புக்காக நாற்பது மணி நேர வேலையை இருபதாகக் குறைத்தால், இரண்டு வருடத்தில் ஒரு முழு வருடச் சம்பளம், அதாவது 36,000 டாலருக்கு மேல் போய்விடும். கம்யூனிட்டி காலேஜ் கட்டணத்தைவிட இதுதான் பெரிய செலவு. ஆகவே வேலையை விடாமல் படிக்க வழி இருக்கிறதா என்று முதலில் தேடு. இருக்கிறது. பர்டூ பல்கலைக்கழகம், நியூ மெக்ஸிகோவில் சான் ஹுவான் காலேஜ், பென் ஃபாஸ்டர் மூன்றுமே ஏ.வி.எம்.ஏ. அங்கீகாரத்தோடு தொலைதூரப் படிப்பாக இதை நடத்துகின்றன. பாடம் வீட்டில், செய்முறைப் பயிற்சி கிளினிக்கில். ஒரு மருத்துவரோ பதிவுபெற்ற டெக்கோ உன்னை மேற்பார்வை பார்த்து, நீ செய்வதற்குக் கையெழுத்துப் போட வேண்டும். உன் டாக்டர் சம்மதிப்பாரா என்று கேட்டாயா? கட்டணத்தில் ஒரு பங்கைக் கிளினிக்கே தருமா என்றும் கூச்சப்படாமல் கேள். தருகிற இடங்கள் உண்டு. பதிலுக்கு இத்தனை வருடம் அங்கேயே வேலை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தம் போடுவார்கள், அதை வரி விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

எந்தக் காலேஜானாலும், கடந்த மூன்று வருடத்தில் வி.டி.என்.இ. தேர்வை முதல் முறையிலேயே எத்தனை சதவீதம் பேர் தேறினார்கள் என்பதை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது ஏ.வி.எம்.ஏ. விதி. விளம்பரப் படத்தில் நாய்க்குட்டியைக் கொஞ்சுவதைப் பார்த்து மயங்காமல் அந்த எண்ணைத் தேடிப் பார். தேறாவிட்டால் கட்டிய பணத்துக்குப் பலனே இல்லை.

கடனைப் பற்றி ஒன்று. பெற்றோரைச் சார்ந்த மாணவருக்கு அரசுக் கடன் முதல் வருடம் 5,500 டாலர், இரண்டாம் வருடம் 6,500 டாலர் வரைதான். மொத்தம் 12,000. ஆறரை சதவீத வட்டியில் பத்து வருடத்துக்கு மாதம் 136 டாலர் அளவில் வரும். இது தாங்கும். 40,000 என்றால் மாதம் 450 டாலருக்கு மேல். கையில் மூவாயிரத்துக்கும் குறைவாக வரும்போது அதை எப்படிக் கட்டுவாய்? அரசுக் கடனின் வரம்பைத் தாண்டி, தனியார் கடன் வாங்கித்தான் படிக்க முடியும் என்கிற காலேஜ் நமக்கு வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இதைப் படிப்பதற்குப் பதில் முழுக் கால்நடை டாக்டராகவே ஆகிவிடலாமே என்று உன் சித்தப்பா சொல்கிறார். அந்த 2023 கணக்கில் டாக்டர்களுக்கு ஆண்டுக்கு 1,19,100 டாலர் என்பது உண்மைதான். ஆனால் பட்டப்படிப்புக்கு மேல் இன்னும் நாலு வருடம், அப்புறம் லட்சத்துக்கு மேல் கடன். உனக்கு அந்த ஆசை இருந்தால் தனியாகப் பேசுவோம். இல்லையென்றால் யாருக்காகவும் அதில் இறங்காதே.

அன்றைக்கு வீடியோவில் ஒரு பூனையைப் பற்றிச் சொன்னாயே. சீறிக்கொண்டிருந்த அதை நீ துண்டில் சுற்றி மார்போடு அணைத்துப் பிடித்திருக்க, உங்கள் சீனியர் டெக் முன்காலில் கொஞ்சம் முடியை மழித்து ஒரே குத்தில் ஊசிக்குழாயை ஏற்றிவிட்டார் என்றும், மயக்கத்தில் இருந்த நேரம் முழுக்க ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறித்துக்கொண்டே இருந்தார் என்றும் சொன்னாய். அந்த இடத்தில் நான் நிற்க வேண்டும் அம்மா என்றாய். நான் சம்மதித்தது அதற்காகத்தான்.

ஆனால் அதே கையால்தான் கருணைக்கொலை ஊசிக்கும் நாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சில நாள் ஒன்றுக்கு மேலும் வரும். பெரிய நாயைத் தூக்கித் தூக்கி முதுகு போனவர்கள், கடி வாங்கியவர்கள் எல்லாம் உன் கிளினிக்கிலேயே இருப்பார்கள். பத்து வருடமாக இந்த வேலையில் இருக்கிற ஒருவரிடம் உட்கார்ந்து பேசு. சம்பளம் எவ்வளவு கூடியது, உடம்பு எப்படி இருக்கிறது, மருத்துவக் காப்பீடு கிளினிக் தருகிறதா என்று கேள். கிளினிக்கோடு நின்றுவிட வேண்டும் என்றும் இல்லை. பல்கலைக்கழக மருத்துவமனை, ஆராய்ச்சிக்கூடம் போன்ற இடங்களில் சம்பளமும் சலுகைகளும் பெரும்பாலும் மேல். மயக்கவியல், அவசர சிகிச்சை என்று ஒரு துறையில் வி.டி.எஸ். என்ற சிறப்புத் தகுதி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அதெல்லாம் சில வருட அனுபவத்துக்குப் பிறகு.

உனக்கு இன்னும் 24 வயது ஆகவில்லை, அதனால் அரசுக் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கும் ஃபாஃப்ஸா படிவத்தில் என் வருமானத்தையும் கேட்பார்கள். வரிக் கணக்குக் காகிதங்களை எடுத்து வைத்திருக்கிறேன். திருப்பிக் கட்ட வேண்டாத அரசுப் பெல் மானியம் கொஞ்சமாவது கிடைக்குமா பார்ப்போம். புத்தகச் செலவு என்னுடையது, அதில் பேச்சு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிடு, சேர்ந்தே படிவத்தை நிரப்பிவிடலாம். அதுவரை அந்தத் தனியார் காலேஜுக்கு முன்பணம் எதுவும் கட்டாதே.

அன்புடன்,
அம்மா