எட்டு சனிக்கிழமைகள் எங்கள் வார்டுகளைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் அரசு மருத்துவமனையில் செவிலியர்கள், மருத்துவர்கள், ஆய்வக நுட்புநர்கள், ஒரு மருந்தாளுநர் என 26 பேர் சேர்ந்து தொடங்கிய உடல்-மன மருத்துவப் பயிற்சி (மூச்சு, தசைத் தளர்வு, தியானம், படம் வரைதல் வழியே மன அழுத்தத்தைத் தணிக்கக் கற்பது), எட்டு சனிக்கிழமைப் பிற்பகல்கள் நடந்து சென்ற வாரம் நிறைவு பெற்றது. கைகொடுத்தவர்களிடம் நேரிலும் நன்றி சொன்னோம். ஆனால் மருந்து டிராலியைத் தள்ளிக்கொண்டே வராந்தாவில் சொல்லும் நன்றி பாதிதான் காதில் விழும் என்பதால், எல்லோரும் படிக்கும்படி இந்த மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, பயிற்சிக்கு வராதவர்களுக்கு. நாங்கள் ஜமுக்காளத்தில் கண்மூடி உட்கார்ந்திருந்த ஒவ்வொரு சனிக்கிழமையும், பிரசவ வார்டிலும் குழந்தைகள் வார்டிலும் ஆண்கள் அறுவை வார்டிலும் எங்கள் இடத்தில் நின்று ஊசி போட்டவர்களும் சலைன் மாற்றியவர்களும் நீங்கள். உங்களில் இருவர் வார விடுமுறையை விட்டுக்கொடுத்தீர்கள். ஒருவர் நைட் டியூட்டி முடித்து வீட்டுக்குப் போய் மூன்று மணி நேரம்கூடத் தூங்காமல் திரும்பி வந்ததைப் பிறகுதான் அறிந்தோம். நாங்கள் எங்களைப் பேணிக்கொள்ளக் கற்பதற்கு இன்னொருவரின் தூக்கம் போனது என்பது எங்களுக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது.

அடுத்த நன்றி, பயிற்சியாளராக வந்த ஓய்வு பெற்ற மனநல மருத்துவர் அம்மையாருக்கு. ஊதியம் ஏதும் பெறாமல், எட்டு வாரமும் பேருந்தில் வந்து போனார். முதல் நாள் அவர் உரை எதுவும் நிகழ்த்தவில்லை. எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்து, ஒரு முழு நிமிடம் தத்தம் மூச்சை எண்ணச் சொன்னார். எனக்கு 22 வந்தது. பிறகு, நோயாளிகளின் அட்டையில் மூச்சுக்கான கட்டத்தில் நாங்கள் வழக்கமாக என்ன எழுதுவோம் என்று கேட்டார். கூடமே அமைதியானது. வேலை நெரிசலில் எண்ணாமலே 20 என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகும் பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு. இருபது ஆண்டுப் பணியில் அடுத்தவர் மூச்சையே சரியாக எண்ணாத நான், என் மூச்சை எண்ணியது அன்றுதான் முதல்முறை. வயிறு தளர்ந்து எழுந்து தாழும்படி பத்து நிமிடம் மூச்சுவிட்ட பின் மறுபடி எண்ணினேன், 13 இருந்தது.

மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைவதையும், வெளிவிடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வந்து துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பின் பிடி கூடுவதால் துடிப்பு தணிவதையும், மணிக்கட்டு நாடியில் விரலை வைத்தபடியே எங்களை உணரச் செய்தார். பாடமாக ஒருகாலத்தில் படித்துத் தேர்வெழுதிய செய்திதான். விரல் நுனியில் தெரிந்தபோது வேறாக இருந்தது. மூச்சின் கணக்கைச் சித்தர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்களே என்று எங்கள் மருந்தாளுநர் பெருமையாகக் குறுக்கிட்டார். "சொன்னார்கள், நாம் எண்ணினோமா?" என்று அம்மையார் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை, எங்களிடமும் இல்லை.

பயிற்சியின் வேர்களையும் அவர் சுருக்கமாகச் சொன்னார். தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் முறையை எட்மண்ட் ஜேக்கப்சன் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே வகுத்தார். தியானத்தின்போது உடலின் ஆக்சிஜன் தேவையும் மூச்சின் வேகமும் குறைவதை, ஹார்வர்டின் இதயநோய் மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1970களில் அளந்து காட்டினார். நாள்பட்ட வலியோடு வாழ்ந்தவர்களுக்காக ஜான் கபாட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியிலிருந்துதான் எங்கள் எட்டு சனிக்கிழமைகளும் வந்தன. ஆனால் பயிற்சியின் வரிசைமுறை, மனநல மருத்துவர் ஜேம்ஸ் கார்டன் 1991இல் வாஷிங்டனில் நிறுவிய உடல்-மன மருத்துவ மையத்தைப் பார்த்து அமைந்தது. போரால் குலைந்த கொசோவோவிலும் காசாவிலும் உள்ளூர் மருத்துவப் பணியாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் அம்மையம் பயிற்சி அளித்தபோது, அவர்கள் சிறு வட்டங்களாக அமர்ந்து முதலில் தங்களுக்கே இம்முறைகளைச் செய்து பார்த்தார்கள். அதன் பிறகே பிறருக்குக் கற்றுக் கொடுத்தார்கள். நோயாளிகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஏதாவது கிடைக்கும் என்ற எண்ணத்தில் வந்திருந்த எங்களில் சிலருக்கு இந்த வரிசை முதலில் ஏமாற்றமாகவே இருந்தது.

வண்ண மெழுகுப் பென்சில்களைக் கடன் கொடுத்த குழந்தைகள் வார்டுக்கும் நன்றி. மூன்றாம் வாரம் மூன்று படங்கள் வரைந்தோம்: இப்போதைய நான், என் பெரிய சிக்கலோடு நான், அச்சிக்கல் தீர்ந்த பின் நான். கார்டனின் மையத்தில் வழக்கமாகச் செய்யும் பயிற்சி இது. எங்கள் தலைமைச் செவிலியர் ஒருவர் முதல் தாளில் இரண்டு பெரிய கைகளை மட்டுமே வரைந்திருந்தார், முகம் இல்லை. வட்டத்தில் காட்டும் வரை அதைத் தாமே கவனிக்கவில்லை என்றார். யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லக் கூடாது என்பது வட்டத்தின் விதி. நாள் முழுக்க அறிவுரை சொல்லியே பிழைக்கும் எங்களுக்கு, இன்னொருவர் பேசும் ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டிருப்பது மூச்சுப் பயிற்சியைவிடக் கடினமாக இருந்தது.

எல்லாம் இதமாகவே நடந்தது என்று எழுதினால் பொய்யாகும். நான்காம் வாரம், உச்சி முதல் பாதம் வரை உடலைக் கவனித்துக்கொண்டே வரும் பயிற்சியின் நடுவில் ஒரு தோழி தேம்பி அழுதார். பல மாதங்களுக்கு முன் பிரசவ அறையில் நடந்த ஓர் இறப்பு அவர் உடலில் அப்படியே தங்கியிருந்தது. அவருடன் வெளியே சென்று, கேள்வி எதுவும் கேட்காமல் மரத்தடியில் உட்கார்ந்திருந்த எங்கள் மருத்துவமனை மனநல ஆலோசகருக்குத் தனி நன்றி. அடுத்த வாரத்திலிருந்து கதவு திறந்தே இருந்தது. கண்ணை மூடுவதும் திறந்து வைப்பதும் அவரவர் விருப்பம் என்றானது. தெரிந்தவர்களிடம் பேசத் தயங்குவோர்க்காக, 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்ற அரசுத் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் 14416 என்ற எண்ணையும் ஆலோசகர் கூடத்துச் சுவரில் எழுதி ஒட்டினார்.

பயிற்சி நேரத்தைப் பணி நேரமாகக் கணக்கிட வேண்டும் என்று நாங்கள் முதலில் கொடுத்த விண்ணப்பம், ஓய்வு நேரத்தில் செய்துகொள்ளலாமே என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அதை மீண்டும் கையிலெடுத்து ஒப்புதல் பெற்றுத் தந்த நிலைய மருத்துவ அலுவலருக்கும் செவிலியர் கண்காணிப்பாளருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். உலக மருத்துவச் சங்கம் மருத்துவர்களுக்கான ஜெனீவா உறுதிமொழியை 2017இல் திருத்தியபோது, தரமான சிகிச்சை தருவதற்காகத் தம் உடல்நலத்தையும் பேணுவேன் என்ற வரியைச் சேர்த்திருப்பதை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். உலக சுகாதார நிறுவனமும் 2019இல், பணிச்சோர்வைத் தீராத பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே வரையறுத்தது. நோய் என்று அதை வகைப்படுத்தவில்லை. அழுத்தம் பணியிடத்தில் இருக்கும்போது மருந்தை மட்டும் பணியாளரின் மூக்கில் தேடுவது நியாயமல்ல என்பது என் கருத்து. காலிப் பணியிடங்களை மூச்சுப் பயிற்சி நிரப்பாது.

இந்த இடத்தில் எங்கள் பிளம்பருக்கும் தச்சருக்கும் நன்றி சொல்ல வேண்டும். உங்கள் உடல் என்ன கேட்கிறது என்று ஐந்தாம் வாரம் அம்மையார் கேட்டபோது, பெரிதாக ஏதோ வரும் என்று எதிர்பார்த்தோம். தண்ணீர் என்றார் ஒருவர். இரண்டாம் தளத்துப் பெண் பணியாளர் கழிப்பறையில் தாழ்ப்பாளும் இல்லை, குழாயும் ஓடவில்லை. ஆகவே டியூட்டி முடியும் வரை பலர் தண்ணீர் குடிப்பதே இல்லை. சிறுநீர்த் தொற்றுக்கு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி நோயாளிகளை அனுப்பி வைப்பவர்கள் நாங்கள். திங்கட்கிழமை காலை புதுத் தாழ்ப்பாள் ஏறியது, மாலைக்குள் குழாயும் ஓடியது. எட்டு வாரத்தில் எங்களுக்குக் கிடைத்த சிறந்த சுயபராமரிப்பு எது என்று கேட்டால், நான் அந்தத் தாழ்ப்பாளைத்தான் சொல்வேன்.

ஜமுக்காளம் விரித்துச் சுருட்டிய தூய்மைப் பணியாளர்களுக்கும், கணக்கெழுதாமல் சுக்குக் காபி அனுப்பிய கேன்டீன்காரருக்கும், சனிக்கிழமைச் சமையலை ஏற்றுக்கொண்ட எங்கள் வீட்டாருக்கும் நன்றி.

26 பேரில் 19 பேர் இறுதிவரை வந்தோம். அவர்களிலும் நாள்தோறும் பயிற்சி செய்வோர் பாதிப்பேர் இருந்தால் அதிகம். என்னளவில் சொல்வதானால், டியூட்டி மாறும்போது நோயாளிகளின் நிலையைச் சொல்லும் ரிப்போர்ட்டைக் கொடுத்து வாங்கும் முன் நாற்காலியில் ஒரு நிமிடம் உட்கார்கிறேன். மூச்சுக் கட்டத்தில் எண்ணிய பின்பே எழுதுகிறேன்.

இரண்டாம் அணிக்கான பயிற்சி அடுத்த மாதம் தொடங்குகிறது. முதல் எட்டு வாரமும் எங்களுக்காக டியூட்டி பார்த்தவர்களின் பெயர்களைப் பட்டியலின் தொடக்கத்தில் எழுதியிருக்கிறோம். அந்தச் சனிக்கிழமைகளில் உங்கள் வார்டுகளில் யார் யார் நிற்பது என்பதையும் முடிவு செய்து, கண்காணிப்பாளரிடம் கையெழுத்து வாங்கிவிட்டோம். நைட் டியூட்டிக்கு மறுநாள் யாருக்கும் பயிற்சி வைக்கவில்லை. தூங்கி எழுந்து வாருங்கள்.

நன்றியுடன்,
முதல் அணியின் சார்பில்,
பெண்கள் மருத்துவ வார்டுச் செவிலியர் ஒருவர்