அது இழுவை அல்ல, நிரவல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழில் காரைக்குடிக் கச்சேரி பற்றி வந்த விமர்சனத்தைப் படித்தேன். ‘ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடி ரசிகர்களின் பொறுமையைச் சோதித்தார்’ என்று எழுதியிருந்தது. நானும் அன்று மூன்றாவது வரிசையில் கடைசிப் பாட்டான மங்களம் வரை உட்கார்ந்திருந்தேன். கச்சேரியில் சோதிக்கப்படாத பொறுமை, விமர்சனத்தைப் படித்ததும் போய்விட்டது. நாலு நாளாகியும் மனசு ஆறவில்லை.

தங்களுக்குத் தெரியாததில்லை, அது நிரவல். சொல் மாறாது. தாளத்தில் அந்தச் சொல் விழுகிற இடமும் மாறாது. மெட்டு மட்டும் ஒவ்வொரு ஆவர்த்தனத்துக்கும், அதாவது தாளத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும், புதிதாக வரும். அன்று கல்யாணி ராகம். பாடிய அம்மா முதலில் காந்தார ஸ்வரத்தைச் சுற்றியே நாலைந்து தடவை பாடினார். அப்புறம் பஞ்சமம். பிறகு தைவதத்தில் ஏறி, இறங்க மனசில்லாதவர்போல் நின்றார். மேல் சட்ஜத்தைத் தொட்டபோது எனக்குப் பக்கத்திலிருந்த பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதன் பிறகுதான் வேகம் கூடிய மேல்காலம், ஸ்வரம் எல்லாம். எவ்வளவு தூரம் சுற்றிவிட்டு வந்தாலும் பாட்டு தொடங்குகிற எடுப்பு சரியாக அரை இடத்தில், தாளத்தின் முதல் தட்டுக்கு அரை எண்ணிக்கை தள்ளி, வந்து விழுந்தது. ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

அந்த அரை இடத்தைப் பிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒன்பது வயதில் எங்கள் வீட்டு உள்முற்றமான வளவில் தூணடியில் உட்காரவைத்து வீணை வாத்தியார் எட்டுப் புளியங்கொட்டைகளை வரிசையாக வைப்பார். அது ஆதி தாளம். முதல் கொட்டைக்கும் இரண்டாவதுக்கும் நடுவில், உடைத்த பாதிக் கொட்டை ஒன்று. “முதல் கொட்டைக்குத் தட்டு, வாயைத் திறக்காதே. பாட்டு இந்தப் பாதியிலேதான் எடுக்கணும்” என்பார். கையும் வாயும் ஒத்துவர இரண்டு மாதம் ஆனது. அப்பச்சி, அதாவது அப்பா, கடையிலிருந்து வந்தால் அந்த வரிசையைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு போவார்கள். என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆறாம் வகுப்புப் பிள்ளை பிடித்துக்கொள்கிற ஒன்று பத்திரிகைக்கு எழுதுகிறவர் காதில் விழவில்லை என்றால் நான் என்ன சொல்ல?

வயலின்காரர் ‘பாடகி பாடியதையே வாசித்தார்’ என்றும் ஒரு குறை. பாட்டு வரிகள் இல்லாமல் ராகத்தை விரிக்கிற ஆலாபனையில் அரை மூச்சு பின்னால் நிழல்போல வருவதும், பாடகி நிறுத்தியதும் அந்த இடைவெளியை வில்லால் தாங்குவதும்தான் பக்கவாத்தியம். அதில் கேட்டு ரசிக்க எவ்வளவோ இருக்கிறது. மிருதங்கம்கூட பல்லவிக்கு வாசித்த மாதிரி அனுபல்லவிக்கு வாசிக்கவில்லை. பாட்டு மேலே ஏறியதும் அவர் சொற்கட்டும் நிறைந்துகொண்டே வந்தது.

இது எந்த ஊர் என்பதையாவது அவர் நினைத்துப் பார்த்திருக்கலாம். வர்ணத்தில் தொடங்கி, சின்னச் சின்னக் கீர்த்தனைகள், நடுவில் ஒரு பெரிய உருப்படி, மிருதங்கக்காரர் தனித்து வாசிக்கிற தனி ஆவர்த்தனம், கடைசியில் துக்கடா என்கிற சின்னப் பாட்டுகள் என்று இன்று எல்லா மேடையிலும் நடக்கிறதே, அந்தக் கச்சேரி முறைக்கு வடிவம் கொடுத்த ராமானுஜ ஐயங்கார் 1890-இல் பிறந்த அரியக்குடி எங்களுக்குப் பக்கத்து ஊர். வீணை என்றால் காரைக்குடி சகோதரர்கள். அண்ணன் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்தி வைத்து வாசித்தவர், தம்பி சாம்பசிவ ஐயர் 1952-இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். மிருதங்கத்துக்குக் காரைக்குடி மணி, 2023-இல்தான் மறைந்தார். இந்த ஊர்க் கச்சேரிக்கு வந்துவிட்டுத்தான் நிரவலை இழுவை என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

மற்றவர்களையும் சொல்லத்தான் வேண்டும். போன வருஷம் ஒரு விழாவில் தோடி ஆலாபனை பாதியில் நிற்கிறது, சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார், பொன்னாடை போர்த்த வேண்டுமாம். தனி ஆவர்த்தனம் தொடங்கினால் பாதி அரங்கம் காபிக்கு எழுந்துவிடுகிறது. எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில் நாகஸ்வரக்காரர் ராகம் வாசித்துக்கொண்டிருந்தபோது “அதை விடுங்க, சினிமாப் பாட்டு வாசிங்க” என்று மேடையிலேயே சொன்னார்கள். அந்த மனிதர் வாயில் வைத்து ஊதுகிற சீவாளியைக் கழற்றி மெதுவாகத் துடைத்துக்கொண்டே தலை குனிந்திருந்ததைப் பார்த்த பிறகு எனக்கு இலையில் உட்கார முடியவில்லை. தங்கள் பத்திரிகையிலும் ஒருமுறை தம்புரா படத்தைப் போட்டு ‘வீணையுடன்’ என்று அச்சிட்டிருந்தீர்கள். தம்புராவுக்கு விரல் வைத்து வாசிக்கிற மெட்டுக் கட்டைகள் கிடையாது, வீணைக்கு 24 மெட்டு என்று அன்றே கார்டு எழுதிப் போட்டேன். பதிலும் இல்லை, திருத்தமும் இல்லை.

விமர்சனத்தில் ‘கல்யாணியோடு கச்சேரி நிறைவுற்றது’ என்று வேறு இருக்கிறது. கல்யாணிக்குப் பிறகு தனி ஆவர்த்தனம் நடந்தது, தாளமில்லாமல் ஒரு விருத்தம் பாடினார், அதன் பிறகு இரண்டு துக்கடா, மங்களம். விமர்சகர் எப்போது எழுந்து போனார் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இனி விமர்சனத்தின் அடியில் பாடிய உருப்படிகளின் ராகம், தாளம், இயற்றியவர் பெயர் ஆகியவற்றைச் சின்ன எழுத்தில் போடுங்கள். அடுத்த முறை அனுப்புகிறவரை மங்களம் வரை இருக்கச் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தை வெளியிட இடமில்லை என்றால் சரி, அவர் கையிலாவது கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வீணை சொல்லிக்கொடுக்கும் ஒரு வாசகி,
காரைக்குடி