தாய்மாருக்கும் பள்ளிக்கூடத்தில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்காடு, கஞ்சிக்கோடு பக்கம் வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் பாதியிலேயே படிப்பை விட்டுவிடுவதைப் பற்றி உங்கள் கோவைப் பதிப்பில் செய்தி போட்டிருந்தீர்கள். பெற்றோருக்கு அக்கறை போதாது என்ற தொனி அதில் இருந்தது. அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

நான் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் தமிழ் மீடியம் எல்.பி. பள்ளிக்கூடத்தில், அதாவது தொடக்கப் பள்ளியில், டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கடைசி சில வருடங்களில் ஜார்க்கண்ட், அஸ்ஸாம், ஒடிசாப் பிள்ளைகள் எங்களிடம் வரத் தொடங்கினார்கள். ஜூன் மாதம் ஆறாவது வேலைநாள் தலை எண்ணும்வரை அவர்களுக்கு ராஜ உபசாரம்தான். பையும் குடையும் வாங்கிக் கொடுத்து வீடு தேடிப் போய்க் கூட்டி வருவார்கள். தலை குறைந்தால் ஒரு டிவிஷன், அதாவது வகுப்புப் பிரிவு, போகும், டிவிஷன் போனால் ஒருவருக்கு வேலை போகும் என்பது கேரளத்தில் பள்ளிக்கூடம் நடத்துகிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். எண்ணி முடித்த பிறகு அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் உட்கார்ந்து பேச ஆள் கிடையாது.

அப்படி வந்தவர்களில் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அப்பாவுக்கு அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் வேலை. வந்த வருடமே எங்கள் தமிழையும் தெருவில் கேட்ட மலையாளத்தையும் பிடித்துக்கொண்டாள். வினை அதிலிருந்துதான் ஆரம்பித்தது. அம்மா பேங்க்குக்குப் போனால் இவள் கூடப் போக வேண்டும். ரேஷன், ஆதார் திருத்தம், தம்பிக்குத் தடுப்பூசி, வாடகை வீட்டுக்காரரோடு தகராறு என்று எல்லாவற்றுக்கும் அவள்தான். ஒருநாள் ஓர் அரசு மருத்துவமனை ஓ.பி. வரிசையில் இருவரையும் பார்த்தேன். அம்மாவுக்கு நிற்காத உதிரப்போக்கு. டாக்டர் கேட்பதை அம்மாவிடம் சொல்லி, அம்மா சொல்வதைத் திருப்பிச் சொல்ல வேண்டியவள் அந்த எட்டு வயதுப் பெண். இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னாள். மூன்றாவது கேள்விக்குத் தலையைக் குனிந்துகொண்டு, சட்டைப் பொத்தானைத் திருகியபடி நின்றுவிட்டாள். அம்மாவும் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் ஏதோ மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார். அவரைக் குறை சொல்லியும் பயனில்லை, பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள்.

வாரத்தில் இரண்டு நாள் அந்தப் பெண் வகுப்புக்கு வரமாட்டாள். ஹாஜர் புத்தகத்தில் விழுந்ததெல்லாம் ஆப்சென்ட். நான்காம் வகுப்பு நடுவில் நின்றேவிட்டாள். அரசாங்கக் கணக்கில் அவளும் அக்கறையில்லாத வீட்டுப் பிள்ளைதான்.

இந்த விஷயத்தை வேறு விதமாகவும் நடத்தலாம் என்பதை நான் பார்த்தது அமெரிக்காவில். என் மகள் மிச்சிகன் மாநிலத்து டியர்பார்னில் இருக்கிறாள், மருமகனுக்குக் கார் கம்பெனி வேலை. பேத்தி பிறந்தபோது பிரசவம் பார்க்கப் போய் அந்தக் குளிர்காலம் முழுக்க அங்கே இருந்தேன். ஃபோர்டு கம்பெனியின் தலைமையகம் இருக்கும் ஊர் அது. சுமார் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஜனம், பாதிக்கு மேல் அரபு வம்சாவளி. லெபனான்காரர்கள், ஈராக்கியர், ஏமன்காரர்கள் எல்லாம் தலைமுறை தலைமுறையாக வந்து குடியேறியவர்கள். வாரன் அவென்யூவில் நடந்தால் கடைக்குக் கடை அரபி போர்டு. எங்கள் பள்ளிக்கூடத்து அரபி டீச்சருக்குப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். பாலக்காட்டு ராவுத்தர் வீட்டுப் பெண், வீட்டில் தமிழ்தான். "டீச்சரே, அது பல் டாக்டர் போர்டு. இனிமேல் பலகாரக் கடை வந்தால் மட்டும் அனுப்புங்கள்" என்று பதில் வரும்.

மகள் குடியிருந்த கட்டடத்தில் கீழ்வீட்டுக்காரி ஏமன் நாட்டுப் பெண், மூன்று பிள்ளைகள். காலையில் ஒரு சமூக மையத்துக்கு ஆங்கிலம் படிக்கப் போவாள். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து எனக்கும் அலுத்துவிட்டது. பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கூடவே போக ஆரம்பித்தேன். வகுப்பு நடக்கிற அறைக்கு அடுத்த அறையில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. அது இல்லாவிட்டால் பாதிப் பெண்கள் வரவே மாட்டார்கள்.

அங்கே ஏ ஃபார் ஆப்பிள் கிடையாது. பிள்ளைகளின் பைக்குள் வந்த சர்க்குலர்தான் பாடப் புத்தகம். மதிய உணவு விண்ணப்பம், பனி கொட்டினால் பள்ளி தாமதமாகத் திறக்கும் என்ற அறிவிப்பு, தடுப்பூசி அட்டை. ஒருநாள் முழுக்க டெலிபோன் பாடம். ஒருத்தி பள்ளி ஆபீஸ் கிளார்க், இன்னொருத்தி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு சொல்லும் அம்மா. கிளார்க்காக நடித்த ஈராக்கிய மூதாட்டி வேண்டுமென்றே படபடவென்று பேசி, "சத்தமாகச் சொல், கேட்கவில்லை" என்று அதட்ட, அறையே சிரித்தது. கீழ்வீட்டுக்காரி விடவில்லை. "மெதுவாகப் பேசுங்கள்" என்று ஆங்கிலத்தில் பதிலுக்கு அதட்டினாள். நடுவில் ஏலக்காய் போட்ட பால் டீ வரும். ஏமன் டீ என்றார்கள், எனக்கு நம் கல்யாண வீட்டு டீயாகவே இருந்தது.

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் அரபி தெரிந்த ஊழியர் ஒருவர் பக்கத்தில் உட்காருவார், அவருக்குச் சம்பளம் உண்டு. பிள்ளையை மொழிபெயர்த்துச் சொல்ல விடமாட்டார்கள். மொழி புரியாமல் வகுப்பில் உட்கார வைத்தால் அது சமமான கல்வி ஆகாது என்று 1974-லேயே அவர்கள் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அது சான்பிரான்சிஸ்கோவில் சீனப் பிள்ளைகளுக்காக வந்த வழக்கு. அப்புறம் வந்த எல்லா மொழிக்காரருக்கும் பயன்பட்டது.

இதெல்லாம் அமெரிக்கா தானாக வாரிக் கொடுத்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். டியர்பார்னின் தென்கோடியில், ஃபோர்டு ஆலையை ஒட்டி அரபுத் தொழிலாளிகள் இருந்த வீடுகளை இடித்துத் தள்ளத்தான் அன்றைய நகராட்சி பார்த்தது. குடியிருந்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அதே தென்கோடியில் 1971-ல் ஒரு கடை அறையில் தன்னார்வலர்கள் தொடங்கியதுதான் ஆக்சஸ் என்ற அமைப்பு. இன்றைக்கு ஆங்கில வகுப்பு, வேலைப் பயிற்சி, மருத்துவம், குடியுரிமை உதவி என்று பெரிதாக வளர்ந்து நிற்கிறது. 2017-ல் டிரம்ப் போட்ட பயணத் தடையில் ஏமனும் உண்டு. 2025 மார்ச்சில் ஆங்கிலமே ஆட்சிமொழி என்றும் உத்தரவு போட்டுவிட்டார். அங்கேயும் காற்று எப்போதும் ஒரே பக்கம் அடிப்பதில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். கேரள அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். 2017-ல் எழுத்தறிவு மிஷன் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு மலையாளம் சொல்லிக்கொடுக்க 'சங்ஙாதி' திட்டத்தைப் பெரும்பாவூரில் தொடங்கி, 'ஹமாரி மலையாளம்' என்று பாடப் புத்தகமே போட்டது. எர்ணாகுளம் மாவட்டத்தில் 'ரோஷ்னி' வந்தது. பிள்ளைகளின் தாய்மொழி தெரிந்த தன்னார்வலரை வகுப்பில் வைத்து, அந்த மொழி வழியாக மலையாளத்துக்குக் கொண்டுவரும் நல்ல ஏற்பாடு. கஞ்சிக்கோட்டில் தொழிலாளர்கள் தங்க 'அப்னா கர்' இருக்கிறது. எல்லாம் சரிதான். ஆனால் ஒன்று தொழிலாளிக்கு, ஒன்று பிள்ளைக்கு, ஒன்று தனியாக வந்த ஆணுக்கு. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும் அம்மா இதில் எதிலும் இல்லை.

இதை முதலில் கேட்க வேண்டியவர்கள் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துத் தமிழர்களாகிய நாம்தான். மலையாளத்தில் வந்த நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு படித்துச் சொல்ல ஆள் தேடியது நமக்குப் புதிதா? நமக்காவது தமிழிலேயே அரசுக்கு எழுதச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தமிழ் மீடியம் இருக்கிறது. ஒடியாக்காரிக்கு அதுவும் இல்லை. "வந்தவர்களுக்கு எதற்கு இவ்வளவு" என்று நம்மவர்களே டீக்கடையில் பேசுவதைக் கேட்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

பெரிய செலவு ஒன்றும் இல்லை. வெளிமாநிலப் பிள்ளைகள் படிக்கும் ஒவ்வொரு பள்ளியிலும் வாரத்தில் இரண்டு நாள், பதினொரு மணி சுமாருக்கு, அம்மாக்களுக்கு ஒரு வகுப்பு. அந்த நேரத்தில்தான் அவர்களுக்குக் கொஞ்சம் ஒழிவு. எழுத்தறிவு மிஷனின் பிரேரக் என்ற கள ஊழியர் ஊருக்கு ஊர் இருக்கிறார், யு.பி. என்ற நடுநிலைப் பள்ளியில் ஹிந்தி டீச்சர் இருக்கிறார். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண் ஒருத்திக்குப் பஞ்சாயத்து கூலி கொடுத்தால் போதும். ஓ.பி. சீட்டு, ரேஷன் கார்டு, பள்ளி சர்க்குலர் இவற்றையே பாடமாக வைக்கலாம். ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஹிந்தி, வங்காளம், ஒடியா தெரிந்த பெண்கள் இரண்டு பேரின் நம்பரை ஓ.பி. ஜன்னலில் ஒட்டி வைக்க வேண்டும், போனில் பேசினாலே பாதி வேலை முடியும். இதற்கு வகுப்பு தொடங்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

ஜூன் ஒன்றாம் தேதி பள்ளி திறக்கும் முன் முடிவெடுக்கச் சொல்லி மாவட்டப் பஞ்சாயத்துக்கு மனு போட்டிருக்கிறேன், தமிழில்தான். பதில் மலையாளத்தில் வந்தாலும் படித்துக்கொள்வேன், வந்தால் சரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எல்.பி. பள்ளி ஆசிரியை,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.