காட்டோரச் சாலையில் நடப்பவர்களுக்காக ஒரு திறந்த மடல்

சாலைப் பாதுகாப்புக்கும் வனவிலங்குப் பாதுகாப்புக்கும் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் வடக்கே காட்டை ஒட்டிச் செல்லும் ஒரு சாலையைப் பற்றி எழுதுகிறேன். ஓர் அலுவலகத்தைச் சுட்டிக் குறைகூறுவது என் நோக்கமன்று என்பதால் சாலையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன், உரியவர்களுக்குப் புரியும். அங்கே நடைபாதையும் கூடுதல் தெருவிளக்குகளும் பேருந்து நிறுத்தத்துக்கு அருகே பாதசாரிகள் கடக்குமிடமும் அமைக்கப்படும் என்று முதலில் சொல்லப்பட்டது. பின்னர், பாதுகாக்கப்பட்ட விலங்குகள் அப்பகுதியில் நடமாடுவதால் அவற்றைப் பற்றிய ஆய்வு முடிந்த பிறகே பணிகள் தொடங்கும் என்று தெரிவிக்கப்பட்டது. ஆய்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது முடியும்வரை எதையுமே செய்ய இயலாது என்ற முடிவை மட்டும் மறுபரிசீலனை செய்யுமாறு கேட்கிறேன்.

அச்சாலையில் நடப்பவர்களில் பெரும்பாலோர் அருகிலுள்ள தங்குவிடுதியில் வசிக்கும் வெளிநாட்டு ஊழியர்கள். புதுக்கோட்டை, தஞ்சாவூர், சிவகங்கைப் பக்கத்து இளைஞர்கள் அவர்களில் நிறையப் பேர். ஞாயிறு இரவு லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவிலிருந்து திரும்பும் அவர்கள் பேருந்தைவிட்டு இறங்கியதும், சாலையோர வெள்ளைக் கோட்டுக்கும் வடிகாலுக்கும் இடையே உள்ள குறுகலான புல்மேட்டில் ஒருவர்பின் ஒருவராக நடக்கிறார்கள். ஒரு கையில் காய்கறிப் பை, மறு கையில் விளக்கெரியும் கைப்பேசி. தெருவிளக்குகள் எதிர்ப்பக்கத்தில் மட்டுமே இருக்கின்றன. அவற்றின் வெளிச்சத்தில் பாதியை மரக்கிளைகள் விழுங்கிவிடுகின்றன. மழை பெய்திருந்தால் புல் வழுக்கும் என்பதால் தார்ச்சாலையிலேயே இறங்கி நடக்கிறார்கள். லாரிகள் ஓரமாக நிறுத்தப்பட்டிருக்கும் இடங்களில் அவற்றைச் சுற்றிக்கொண்டு நடுச்சாலை வரை வர வேண்டியிருக்கிறது. வண்டி வெளிச்சம் தெரிந்ததும் முன்னால் செல்பவர் "ஓரம், ஓரம்" என்று குரல் கொடுக்க, வரிசை முழுவதும் பைகளோடு ஒருக்களித்து நிற்கும். வண்டி போன பிறகு மறுபடி நடக்கும். சைக்கிளில் வருபவர்களுக்கு அப்படி ஒதுங்கி நிற்கவும் இடமில்லை.

எதிர்ப்பக்கத்து மரங்களில் எண் பொறித்த சிறு தகடுகள் தொங்குகின்றன. ஒவ்வொரு மரத்தையும் எண்ணிப் பதிவு செய்திருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சான்று. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். நாம் எறும்புத்தின்னி என்று சொல்லும் சுந்தா அழுங்கு உலக அளவில் அழிவின் விளிம்பில் நிற்கும் விலங்கு. பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் ஈனும் என்பதால், ஒரு தாய் மாண்டால் அந்த இழப்பை ஈடுகட்ட நெடுங்காலம் ஆகும். ஆபத்து வந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்வது அதன் இயல்பு. புலியின் பல்லிலிருந்து காப்பாற்றும் அந்தப் பழக்கம் லாரிச் சக்கரத்தின் முன் அதற்கு எமனாகிவிடுகிறது. 2020இல் திருத்தம் பெற்று நடப்புக்கு வந்த வனவிலங்குச் சட்டம், மேம்பாட்டுப் பணிகளின்போது விலங்குகளைக் காக்கும் நடவடிக்கைகளை எடுக்குமாறு உத்தரவிடும் அதிகாரத்தை வழங்குகிறது. அது வேண்டிய சட்டம்தான்.

ஆனால் காப்பிக்கடையில் பேச்சு வேறு மாதிரி போகிறது. "மனுஷன விட எறும்புதின்னி ஒசத்தியா?" என்று கேட்கிறார்கள். காரணத்தை விளக்காமல் தாமதத்தை மட்டும் அறிவித்தால் மக்கள் அப்படித்தான் கேட்பார்கள். அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். இருந்தாலும் கேள்வி தவறான இடத்தில் விழுகிறது. அந்தச் சாலையில் ஊழியருக்கும் அழுங்குக்கும் ஆபத்தாக இருப்பது ஒன்றேதான்: இருட்டில் வேகமாக வரும் வண்டி. ஒருவரைக் காப்பாற்ற மற்றவர் காத்திருக்க வேண்டும் என்ற நிலை இயற்கையாக வந்ததன்று. வேலைகள் வரிசைப்படுத்தப்பட்ட விதத்தால் வந்தது.

முதலில் ஆராயாமல் சாலை போட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது. புக்கிட் தீமா விரைவுச்சாலை 1980களில் அமைக்கப்பட்டபோது, புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியும் மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கை வனப்பகுதியும் ஒன்றிலிருந்து ஒன்று துண்டிக்கப்பட்டன. அவற்றை மீண்டும் இணைக்கும் 62 மீட்டர் நீள வனவிலங்குப் பாலம் கட்டி முடிக்கப்பட்டது 2013இல். நடுவில் போன கால் நூற்றாண்டில் எத்தனை உயிர்கள் அந்தத் தாரில் நசுங்கின என்று யாரும் முழுமையாக எண்ணிவைக்கவில்லை. இன்று அப்பாலத்தில் வைக்கப்பட்டுள்ள கேமராக்களில் அழுங்குகளும் மரநாய்களும் பதிவாகின்றன. மண்டாயில், நம்மில் பலர் தகனக்கூடத்துக்குச் செல்லும்போது மட்டும் நினைவுகூரும் அந்தப் பக்கத்தில், வனவிலங்குப் பாலம் 2019 டிசம்பரில் திறக்கப்பட்டது. அங்கும் கட்டுமானம் நடந்த காலத்தில் விலங்குகள் வண்டிகளில் அடிபட்டு மாண்ட செய்திகள் வந்தன. ஆகவே ஆய்வை விரைந்து முடித்துக் கணக்குக் காட்டுங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை.

நான் உங்கள் பார்வைக்குக் கொண்டுவர விரும்புவது பழைய அப்பர் தாம்சன் சாலையை. 1961 முதல் 1973 வரை சிங்கப்பூர் கிராண்ட் பிரி பந்தயக் கார்கள் சீறிய சாலை அது. தாம்சன் இயற்கைப் பூங்கா 2019இல் திறக்கப்பட்டபோது, அச்சாலையின் ஒரு பகுதி இரு தடங்களிலிருந்து ஒரே தடமாகக் குறைக்கப்பட்டது. நாட்டில் நூற்றுக்கும் குறைவாகவே எஞ்சியிருக்கும் ராஃபிள்ஸ் பட்டை லங்கூர் குரங்குகள் தரையிறங்காமல் கடக்க, மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலங்களும் பின்னர் கட்டப்பட்டன. பந்தயச் சாலையாக இருந்த இடத்தையே வண்டிகளிடமிருந்து மீட்டு அங்கே நடப்பவருக்கும் குரங்குக்கும் ஒருசேர நன்மை செய்ய முடிந்திருக்கிறது. அந்தச் சிந்தனையை எங்கள் சாலைக்கும் கொண்டுவரலாமே.

எப்படி என்றால், நடைபாதையைக் காட்டிலிருந்து எடுக்காமல் சாலையிலிருந்தே எடுங்கள். இரவில் லாரிகள் நிறுத்தப்படும் அந்த ஓர அகலம் மூன்று பேர் சேர்ந்து நடக்கப் போதும். லாரி நிறுத்தத்தை அங்கே தடைசெய்து, நீர் நிரப்பிய நெகிழித் தடுப்புகளை வரிசையாக வைத்துவிட்டால் தற்காலிக நடைபாதை ஆயிற்று. ஒரு மரத்தின் வேரைக்கூடத் தொட வேண்டியதில்லை. மண்ணை வெட்ட வேண்டியதில்லை. அதனால் எந்த விலங்கின் கணக்கெடுப்புக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. தடுப்புகளை இடைவெளி இல்லாமல் ஒட்டி அடுக்கிவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சாலையைக் கடக்கும் சிறு விலங்கு வெளியேற வழியின்றித் தாரிலேயே மாட்டிக்கொள்ளும். லாரி உரிமையாளர்கள் முணுமுணுப்பார்கள் என்பது தெரியும். வண்டியை நிறுத்த வேறு இடம் தேடுவது அவர்களுக்குச் செலவும் சிரமமும்தான். ஆனாலும் நிறுத்திய லாரியைச் சுற்றிக்கொண்டு மனிதர்கள் நடுச்சாலைக்கு வருவதோடு ஒப்பிட்டால் அது தாங்கக்கூடிய சிரமம் என்பது என் கருத்து.

வேக வரம்பைக் குறைப்பதற்கும் ஆய்வு தேவையில்லை. முதியோர் அதிகம் வாழும் வட்டாரங்களில் 2014 முதல் சில்வர் ஸோன் திட்டத்தின்கீழ் மணிக்கு 40 கிலோமீட்டர் அல்லது அதற்கும் குறைவான வரம்பு நடப்பிலிருக்கிறது. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 50இலிருந்து 40ஆகக் குறைந்தால் அந்த ஆற்றல் 36 விழுக்காடு குறைகிறது. ஓட்டுநருக்குப் பயணத்தில் கூடுவதோ ஒன்றிரண்டு நிமிடம். பலகையை மட்டும் நட்டுவிட்டுப் போனால் இரவில் யாரும் மதிக்க மாட்டார்கள். வேகத்தடையும் கண்காணிப்புக் கேமராவும் உடன் வர வேண்டும்.

விளக்கு விஷயம்தான் உண்மையில் சிக்கலானது. மனிதருக்கு வெளிச்சம் பாதுகாப்பு; இரவில் இரைதேடும் விலங்குக்கு அதுவே இடையூறு. நீலம் கலந்த வெண்ணிற ஒளி பூச்சிகளை அதிகமாக ஈர்க்கும், அவற்றைத் தின்னும் பிராணிகளும் பின்னாலேயே சாலைக்கு வரும். மஞ்சள் சாய்ந்த ஒளியை, மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் சிதறாதபடி மறைப்பு வைத்து, தாழ்ந்த கம்பங்களில், நிறுத்தத்திலும் கடக்குமிடத்திலும் மட்டும் அமைத்தால் போதுமா, சாலை நெடுகிலும் தேவையா, ஆள் வரும்போது மட்டும் பிரகாசமாகும்படி செய்யலாமா என்பதையெல்லாம் வல்லுநர்கள்தான் சொல்ல வேண்டும். இதற்காகக் காத்திருக்க நாங்கள் தயார். நடப்பதற்கு ஒரு பாதையும் வண்டிகளுக்கு ஒரு கட்டுப்பாடும் முன்னதாகவே வந்துவிட்டால், விளக்குக்காகக் காத்திருக்கும் மாதங்கள் இப்போதுள்ள அளவுக்கு ஆபத்தானவையாக இரா.

கடைசியாக, காலக்கெடு. குறுக்குத்தீவு ரயில் பாதை மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதியின் அடியில் செல்லலாமா என்று பல ஆண்டுகள் ஆராயப்பட்டது. 2019இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் முடிவுகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. ஏறக்குறைய 70 மீட்டர் ஆழத்தில் சுரங்கம் தோண்டுவது என்ற முடிவும் அதே ஆண்டு டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. அத்தனை பெரிய திட்டத்திலேயே மக்கள் படித்துப் பார்க்கவும் கருத்துரைக்கவும் வழி இருந்தது. ஒரு நடைபாதைக்கு, எந்த விலங்கு பதிவாகியுள்ளது, எத்தனை மாதக் கணக்கெடுப்பு மீதமிருக்கிறது, முடிவு எப்போது வரும் என்ற மூன்று செய்திகளை வெளியிடுவது கடினமன்று. அரிய விலங்கைத் தேடும் ஆய்வுக்குப் பல இரவுகளும் வெவ்வேறு பருவங்களும் தேவை என்பது முன்கூட்டியே தெரிந்ததுதான். அதனால் இனிமேலாவது, காட்டோரச் சாலைகளில் எதையும் அறிவிப்பதற்கு முன்பே ஆய்வைத் தொடங்கிவிடுங்கள்.

இம்மடலுக்கு உங்கள் பதிலை இணையத்தில் மட்டும் வெளியிடாமல், தமிழிலும் வங்காளத்திலும் எழுதித் தங்குவிடுதியின் வாசலிலும் ஒட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அச்சாலையில் நடப்பவர்களை அறிந்த ஒரு வட்டாரவாசி