உப்பிய பேட்டரியும் உப்புத் தண்ணீரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கைபேசி பேட்டரியை உப்புத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறப்போட்டால் சார்ஜ் முழுக்க இறங்கிவிடும், பிறகு குப்பையில் போட்டுவிடலாம் என்று வீட்டுக்குறிப்புப் பகுதியில் வந்திருந்தது. பல காலமாகச் சுற்றிவரும் யோசனைதான். யாரும் செய்துபார்க்க வேண்டாம்.

உப்பு நீரில் மின்சாரம் கசிவது உண்மை. கூடவே நேர்முனையின் உலோகமும் அரித்துக் கரைகிறது. முனை அற்றுப்போனால் மின்னோட்டமும் நின்றுவிடும். மீட்டர் வைத்தால் பூஜ்யம் காட்டும், உள்ளே சார்ஜ் இருக்கும். மடிக்கணினி பேட்டரி போலப் பல செல்களைத் தொடராக இணைத்ததைப் போட்டால் ஹைட்ரஜனும் குளோரினும் கிளம்பும். எல்லாவற்றையும்விட மோசம், அரித்த இடம் வழியே நீர் உள்ளே புகுவது. லித்தியம் அயன் செல்களில் பெரும்பாலும் இருப்பது லித்தியம் ஹெக்சாபுளோரோபாஸ்பேட் என்ற உப்பு. அதில் ஈரம் பட்டால் ஹைட்ரஜன் புளோரைடு என்ற அரிக்கும் நச்சு உண்டாகும். தோலில் பட்டதும் சில நேரம் வலிகூடத் தெரியாது. மெல்ல உள்ளிறங்கி உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பட்டுவிட்டால் ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு, வலி இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும்.

'செத்துப்போன பேட்டரி' என்ற பேச்சே நம்மை ஏமாற்றுகிறது. பேட்டரி நிற்கவில்லை என்றால் கொள்ளளவு குறைந்துவிட்டது, அவ்வளவுதான். புதிதாக இருக்கும்போது 4000 மில்லியாம்பியர் மணி, 3.85 வோல்ட் கொண்ட ஒரு பேட்டரி சுமார் 15 வாட் மணி, அதாவது 55,000 ஜூலுக்கு மேல் ஆற்றலைத் தாங்கும். அதில் பாதி மிஞ்சியிருந்தாலும் தீப்பிடிக்கப் போதும். உள்ளே தாமிரத் தகட்டுச் சுருளையும் அலுமினியத் தகட்டுச் சுருளையும் பிரித்துவைப்பது, தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம். குப்பை வண்டியின் அழுத்துபலகையில் சிக்கினால் அது கிழியும், இரண்டு பக்கமும் தொட்டுக்கொள்ளும், சூடு ஏறும். சுமார் 130 டிகிரி செல்சியஸில் பாலிஎத்திலீன் படலம் உருகிவிடும். அதன்பின் சூடு தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். கோபால்ட் ஆக்சைடு வகைகளில் நேர்மின்வாயே (அலுமினியத் தகட்டின் மேல் பூசிய பொருள்) ஆக்சிஜனை விடுவதால், மூடி அமுக்கினாலும் எரிவது நிற்காது.

தீப்பிடித்தால் மட்டும் தண்ணீர்தான் துணை. லித்தியம் உலோகம் நீரில் எரியுமே என்று தயங்குகிறார்கள். லித்தியம் அயன் செல்லில் லித்தியம் சேர்மமாகவே இருக்கிறது, உலோகமாக அல்ல. சார்ஜர் இணைப்பைத் துண்டித்துவிட்டு, தள்ளி நின்று நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்க வேண்டும். புகையைச் சுவாசிக்கக் கூடாது. அணைந்ததுபோல் இருந்து மறுபடி பற்றுவது உண்டு.

சார்ஜை இறக்க எளிய வழி, கருவியில் இருக்கும்போதே அது தானாக அணையும்வரை பயன்படுத்துவது. பிறகு இரண்டு முனைகளையும் இன்சுலேஷன் டேப்பால் மூடி, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வெயில் படாத இடத்தில் வைத்து, மின்கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுங்கள். இரண்டு முனையும் ஒரே பக்கம் உள்ள 9 வோல்ட் வகைக்கு டேப் மிக முக்கியம். ஒரு சாவிக்கொத்து உரசினாலே ஷார்ட் ஆகும். அடிமட்டம் வரை இறங்கிக் கிடந்த செல்லை மறுபடி சார்ஜ் போட்டு 'உயிர்ப்பிக்க' வேண்டாம். 2 வோல்ட்டுக்குக் கீழே போனால் தாமிரம் கரையத் தொடங்கும். சார்ஜ் ஏறும்போது அது கண்ட இடத்தில் படிந்து உள்ளேயே ஷார்ட் ஆக்கும்.

உப்பிய பேட்டரியைக் குத்திக் காற்று இறக்குவதும் கூடாது. உள்ளே இருப்பது, செல்லின் உப்பைக் கரைத்துவைத்திருக்கும் திரவம் சிதைந்து வந்த எரியக்கூடிய வாயுக்கள். சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு, உலர்ந்த மணல் போட்ட உலோகப் பாத்திரத்தில், இறுக மூடாமல், வீட்டுக்கு வெளியே வைத்து, சீக்கிரம் ஒப்படைக்க வேண்டும். இறுக மூடினால் வாயு போக வழியின்றி மூடியே தெறிக்கும்.

மற்ற வகைகளில் ஆபத்து மெதுவாக வரும். பழைய கம்பியில்லாத் தொலைபேசி, டிரில் போன்றவற்றில் இருந்த நிக்கல் காட்மியம் செல்லின் காட்மியம் புற்றுநோய் உண்டாக்கும் உலோகம். சிறுநீரகத்தில் சேர்ந்தால் பாதி குறையவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். ஜப்பானின் ஜின்சூ ஆற்றுப் படுகையில் எலும்புகளை நொறுக்கிய 'இடாய் இடாய்' நோய்க்கு இதே உலோகம்தான் காரணம். அங்கே அது வந்தது சுரங்கக் கழிவிலிருந்து. எமர்ஜென்சி விளக்கிலும் யூபிஎஸ்ஸிலும் உள்ள ஈய பேட்டரியை வீட்டில் உடைத்து ஈயம் உருக்குவது குழந்தைகளுக்கு விஷம் வைப்பதற்குச் சமம். செனகல் நாட்டின் டக்கார் அருகே, இப்படி ஈயம் பிரித்தெடுத்த பகுதியில் 2008 வாக்கில் 18 குழந்தைகள் இறந்தார்கள்.

பேட்டரி மேல் குறுக்குக்கோடிட்ட குப்பைத்தொட்டி படம் இருக்கும். அதன் கீழுள்ள எழுத்துகளையும் பாருங்கள்: 'சிடி' என்றால் காட்மியம், 'பிபி' என்றால் ஈயம். ஒப்படைக்கும்போது வகைவாரியாகப் பிரித்துக் கொடுங்கள். ஈய பேட்டரிக் குவியலில் ஒரு லித்தியம் பேட்டரி கலந்து உருக்காலைக்குப் போனால், அங்கே வேலை செய்பவர் முகத்துக்கு நேரே அது வெடிக்கும்.

இப்படிக்கு,
மின்னணுக் கருவிகள் பழுதுபார்ப்புத் துறையிலுள்ள வாசகர்